முப்பத்தெட்டு நிமிடத் தூரம்

சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு விழுந்தது. முத்துச்செல்வி அந்தக் கோட்டைப் பார்த்தாள். எதிரே நின்ற பெண் முத்துச்செல்வியின் முகத்தைப் பார்த்தாள்.

"சந்தோசமான விசயம்தாம்மா. மாசமா இருக்கீங்க. ஆனா இன்னைக்கு நீங்க பறக்க முடியாது."

அந்தப் பெண் முதலில் சிரித்தாள். பிறகுதான் மீதி வாக்கியம் உறைத்தது.

"எங்க வீட்டுக்காரர் அங்க ஒசாகாவுல வாசல்ல நிக்காருக்கா. முப்பத்தெட்டு நிமிசம்தான? கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள போயிருவேன்லா?"

"கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள உங்க எடை நாலரை மடங்கு ஏறி எறங்கும். நமக்குத் தாங்கும், உள்ள இருக்கதுக்குத் தாங்காது."

"அப்ப பிள்ளை பொறந்த பொறவு?"

"பிள்ளைக்குப் பத்து வயசு ஆகட்டும்."

பறக்கத் தடை சொல்லும் மஞ்சள் சீட்டில் முத்துச்செல்வி கையெழுத்திட்டுக் கொடுத்தாள். அந்த வாரத்தில் அது மூன்றாவது சீட்டு. அரசு மருத்துவமனையில் பதினேழு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, தூத்துக்குடியின் 'ககனவில்' விண்ணூர்தி நிலையத்தில் உடல்தகுதி மேசைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. யாருக்காகவும் அவள் சீட்டின் நிறத்தை மாற்றியதில்லை.

கடற்கரையிலிருந்து செங்குத்தாகக் கிளம்பி, காற்று மண்டலத்தைத் தாண்டி, வில்லைப் போல வளைந்து, ஆறாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒசாகாவில் இறங்கும் ஊர்தி அது. நிறுவனம் அதற்கு எத்தனையோ பெயர் வைத்துப் பார்த்தது. ஊர்க்காரர்கள் முதல் நாளே 'வில்வண்டி' என்று சொல்லிவிட்டார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

கைப்பேசி அதிர்ந்தது. ஒசாகாவிலிருந்து மகள் தர்ஷிகா.

"அம்மா, ஒனக்குச் சொல்லாம வந்து நிக்கலாம்னு கிளம்புனேன். இங்க வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க."

ஏன் என்று முத்துச்செல்வி கேட்கவில்லை. இருபத்தாறு வயது, நோய்நொடி இல்லாத உடம்பு. அந்த வாசலில் அவளை நிறுத்த ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

"எத்தன வாரம்ட்டி?"

"ஆறு."

தான் பாட்டியாகப் போகிற செய்தியை முத்துச்செல்வி ஒரு மஞ்சள் சீட்டின் வழியாகத் தெரிந்துகொண்டாள்.

*

மூன்று வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. முத்துச்செல்வியின் கணவர் சுடலைமணி தட்டிக் கழித்தார். "எட்டு மணி நேரம் ரயில்ல உக்காந்து போய் எம்மவளப் பாக்கணுமா?" அடுத்து ஒசாகா மாப்பிள்ளை வந்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவரான சுடலைமணிக்கு அந்தக் கணக்கு சுலபமாக இருந்தது. "கோயில்பட்டிக்கு பஸ்ல போற நேரத்துல ஒசாகா போயிட்டு வந்துரலாம். இத விடப் பக்கத்துல எங்க கெடைக்கும்?"

உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் காலையில் வைத்த சீலா மீன் குழம்பை, சூடு ஆறுவதற்குள் மகள் வீட்டில் கொண்டுபோய் இறக்கினாள் முத்துச்செல்வி. தர்ஷிகா ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ள வந்துவிட்டுப் போனாள். ஊரில் அந்த வருடம் மட்டும் பதினான்கு பெண்களை அங்கே கட்டிக் கொடுத்தார்கள். தூரத்தை எல்லோரும் நிமிடத்தில் கேட்டார்கள். அந்த நிமிடம் யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

பழைய விமானங்கள் இருந்தவரை அதைக் கேட்க வேண்டிய தேவையும் இல்லை. பத்து மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ, பிள்ளைத்தாய்ச்சியும் போனாள், கைக்குழந்தையும் போனது, நெஞ்சுவலிக்காரரும் போனார். வில்வண்டி வந்த மூன்றாம் வருடம் அந்த விமானங்களில் ஆள் ஏறவில்லை. ஐந்தாம் வருடம் கடைசி விமானமும் நின்றது. இப்போது ஊருக்கு ஊர் பறக்கிற மின்விமானங்கள் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தாங்காது. கடலைத் தாண்ட வேண்டுமென்றால் வில்வண்டிதான்.

"மகதான் வர முடியாது, நீ போயேன்," என்றார் சுடலைமணி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எட்டு மாதத்துக்கு முன்பு முத்துச்செல்வியின் இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

மூன்று மாதம் அவள் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாள். பறக்க முடியாதவர்களுக்கு மாதம் ஒரு மெதுவான விமானமாவது விடுங்கள் என்று கேட்டாள். நூற்றிப் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கினாள். பதில் ஒன்றே ஒன்று வந்தது. 'தங்கள் ஆலோசனைக்கு நன்றி. முப்பத்தெட்டு நிமிடத்தை முப்பத்தைந்தாகக் குறைக்கும் பணி நடந்து வருகிறது.'

"தலைப்பிரசவம் தாய்வீட்டுல. ஒனக்கு உன் அம்மா பாத்தா, அவளுக்கு அவ அம்மா பாத்தா," என்று சுடலைமணியின் சொந்தக்காரர்கள் தொலைபேசியில் பாடம் நடத்தினார்கள். முத்துச்செல்விக்குச் சடங்கு ஒரு பக்கம். மகள் போன வாரம் சொன்ன ஒரு வரி இன்னொரு பக்கம். 'ஆஸ்பத்திரில எல்லாம் நல்லாத்தான் பாக்காங்கம்மா. ஆனா வலி வந்தா யார் கையப் பிடிக்கதுன்னு தெரியல.'

*

நிலையத்தின் டாக்டர் ஜோவிட்டா மச்சாடோ கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"செல்விக்கா, ஒங்க கோப்பு எங்கிட்டதான் இருக்கு. ஸ்டென்ட் வரிய எடுத்துட்டா பச்சைச் சீட்டு. எனக்கு அரை நிமிசம்."

"மாட்டிக்கிட்டா ஒங்க வேல போயிரும்."

"போகட்டும். எங்கம்மா எனக்கு மூணு பிரசவம் பாத்தாங்க."

முத்துச்செல்வி மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடி போட்டாள்.

"ரெண்டாவது வருசம் ஒருத்தர் பொய்ச் சர்ட்டிபிகேட்ல ஏறுனாரு, கேள்விப்பட்டிருக்கீங்களா டாக்டரம்மா? நீங்க அப்ப வரல. அங்க உயிரில்லாமத்தான் எறங்குனாரு. அவரு சாமான் பெட்டி இங்க திரும்பி வந்துச்சு. சம்சாரத்துக்கிட்ட அவரு செருப்ப எடுத்துக் குடுத்தது நான்தான்."

"எல்லாருக்கும் அப்பிடி ஆகாதுக்கா. நூத்துல நாலு பேருக்குத்தான்."

"அந்த நாலுல நான் ஒண்ணாப் போயிட்டா? எம்மவளுக்குப் பிரசவம் பாக்கப் போறேன் டாக்டரம்மா. பொணமாப் போய் எறங்குனா அவளுக்கு என்ன பிரயோசனம்? நான் உசுரோட போகணும்."

"எப்பிடிப் போவீங்க? நடந்தா?"

"வழி இல்லாமலா போயிரும்? வில்வண்டி வரதுக்கு முந்தி மனுசன் கடலைத் தாண்டலியா?"

வீட்டுக்கு வந்ததும் சுடலைமணியிடம் கேட்டாள். "இங்கருந்து ஜப்பானுக்குக் கப்பல் போகுதா?"

"உப்பு போகுது. கோபேக்கு. ஒசாகாவுக்குப் பக்கத்துத் துறைமுகம்." அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுக்குக் கேக்க?"

"உப்பு போனா நானும் போலாம்லா?"

இப்போது கண்ணை எடுத்தார்.

*

'சிப்பிக்குளம்' என்ற சரக்குக் கப்பலின் கேப்டன் கார்வாலோ, சுடலைமணி கிரேன் ஓட்டிய காலத்திலிருந்து பழக்கம். அவர் தாடியைச் சொறிந்தார்.

"சட்டப்படி பன்னெண்டு பேர் வரைக்கும் ஏத்தலாம் மதினி. பதினஞ்சு வருசமா ஒரு ஆளும் கேட்டதில்ல. பதினேழு நாள் ஆவும். மெத்த கெடையாது. சமையக்காரன் மோசம்."

"மெத்த நான் கொண்டாரேன். சமையலுக்கும் ஒரு வழி பண்ணுவோம்."

"நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கீங்கன்னு அண்ணன் சொன்னாரு."

"கப்பல் ஆடத்தான செய்யும்? எடையக் கூட்டாதுல்லா?"

நிறுவனத்தில் விடுப்புக் கேட்டாள். ஒசாகா முப்பத்தெட்டு நிமிடத் தூரத்தில் இருப்பதால் இரண்டு நாளுக்கு மேல் குடும்ப விடுப்பு கிடையாது என்றது நிர்வாகம். "எனக்குப் பதினேழு நாள் தூரம் சார்," என்றாள். அவர்களுடைய விடுப்புப் பட்டியலில் அப்படி ஒரு தூரம் இல்லை. ராஜினாமாவை எழுதி அதே மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

விசா அலுவலகத்திலும் அதே கதை. விண்ணப்பத்தில் ஊர்தி எண் இல்லாமல் பக்கம் நகர மறுத்தது. அங்கிருந்த இளைஞன் பொறுமையாகச் சொன்னான்: "மேடம், கடல் வழியா யாரும் வர்றதில்ல."

"நான் வாரேன். எழுதுங்க. சிப்பிக்குளம். எஸ் ஐ பி பி..."

கப்பல் திங்கட்கிழமை காலையில் கிளம்புவதாக இருந்தது. சுடலைமணி காலண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "திங்களு கெழக்க சூலம். செவ்வாக்கெழம போற மாதிரி கேப்டன்கிட்டச் சொல்லட்டா?"

"உப்புக் கப்பல உங்க காலண்டருக்கா நிறுத்துவாரு? சூலத்துக்குப் பரிகாரம் என்ன?"

"தயிரு."

ஒரு டம்ளர் தயிரை நின்றபடியே குடித்துவிட்டு, மெத்தையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். துறைமுகத்தின் கேட்டைத் தாண்டும்போது தலைக்கு மேலே வில்வண்டி ஒன்று வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போனது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏணியில் கால் வைக்கிற இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

*

முதல் மூன்று நாள் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள். நான்காம் நாள் எழுந்து சமையலறைக்குப் போய், சமையல்காரனைப் பக்கத்தில் நிறுத்தி ரசம் வைத்தாள். ஐந்தாம் நாள் கேப்டன் இரண்டு தரம் சோறு வாங்கிக்கொண்டார்.

ஆறாம் நாள் எஞ்சின் அறையில் சந்தனமாரி என்ற ஃபிட்டருக்கு உள்ளங்கை கிழிந்துவிட்டது. எலும்பு தெரிந்தது. கேப்டன் மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கையேட்டைப் புரட்டினார். முத்துச்செல்வி அவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள். கப்பல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய, ஒரு காலை மேசைக் காலில் முட்டுக் கொடுத்து நின்றுகொண்டு, ஏழு தையல் போட்டாள்.

"அம்மா... அம்மா..." என்று சந்தனமாரி அலறினான்.

"இருக்கேம்ல, கத்தாத. விரல அசை பாப்போம். அசையுதுல்லா? வேலைக்கு ஆவும்."

கேப்டன் கையேட்டை மூடிப் பெட்டிக்குள் வைத்தார். ஒன்பதாம் நாள் அவர் செயற்கைக்கோள் தொலைபேசியில் யாருடனோ நெடுநேரம் பேசினார். முத்துச்செல்வி அறைக்குள் போனதும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

"யாரு கேப்டன்?"

"சரக்கு விசயம் மதினி."

பதினேழாம் நாள் காலையில் கோபே துறைமுகம் தெரிந்தது. மகளுக்கு அன்றைக்கு இருபத்தெட்டு வாரம் முடிந்திருந்தது. முத்துச்செல்வி பெட்டியைப் பூட்டி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பிக்கு அருகில் வந்து நின்றாள்.

கரையில் சிலர் வரிசையாக நின்றார்கள். உப்பு இறக்க வந்த கூலிகள் என்றுதான் முதலில் நினைத்தாள். கப்பல் நெருங்கியது. ஒருத்தி வயிற்றில் கை வைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தோளில் குழந்தை. சக்கரப் பெட்டிமேல் ஒரு முதியவர். வரிசையின் முன்னால் நீலக் கோட்டின் பொத்தானைப் பூட்ட முடியாத வயிற்றோடு தர்ஷிகா.

முத்துச்செல்வி ஏணியில் இறங்கியதை ஓடியதாகவே சொல்ல வேண்டும்.

"ஏட்டி, கூறு இருக்கா? இந்தக் குளிர்ல எதுக்கு இங்க வந்த? நான் வீட்டுக்கு வந்திருக்க மாட்டேனா?"

மகளைக் கட்டிக்கொண்டாள். வயிறு இடையில் இடித்தது. இரண்டு பேருக்கும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"நான் உன்னக் கூட்டிட்டுப் போக வரலம்மா," என்றாள் தர்ஷிகா. பக்கத்திலிருந்த பெட்டியைக் காட்டினாள். "ஏறிப் போக வந்திருக்கேன்."

"எங்க?"

"வீட்டுக்கு. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான?"

முத்துச்செல்வி பெட்டியையும் மகளின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னால் கேப்டன் கார்வாலோ இருமினார்.

"நீங்க ஏறுன நாள்லருந்தே ஒங்க மக போன் போட்டாங்க மதினி. ஏத்திக்கிடுங்கன்னு. மருத்துவம் தெரிஞ்ச ஆள் இல்லாம பிள்ளைத்தாய்ச்சிய ஏத்த எனக்கு அனுமதி கெடையாதுன்னுட்டேன். பொறவு நீங்க அந்தப் பய கையத் தச்சீங்க. கப்பல் ஆபீஸ்ல பேசுனேன். நீங்க மருத்துவ ஊழியராக் கையெழுத்துப் போட்டா அவங்களுக்குச் சம்மதம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொன்னா வேண்டாம்ப. அவ்வளவு தூரம் வந்து நின்னுட்டா யோசிப்ப," என்றாள் தர்ஷிகா. "அம்மா, நீ வந்தா எனக்கு ஒருத்திக்கு ஆச்சு. இவங்கெல்லாம் என்ன பண்ணுவாங்க? அந்தா, அவ புள்ளைக்கு ஒன்றரை வயசு. இன்னும் எட்டரை வருசம் ஊருக்குப் போக முடியாது. இந்தப் பெரியவரு மக கல்யாணத்துக்கு வந்தாரு, இங்க நெஞ்சு வலிச்சுது, நாலு வருசமாத் திரும்ப முடியல. மொத்தம் பன்னெண்டு பேர். நீ மாட்டேன்னா ஒருத்தரும் ஏற முடியாது."

வரிசையில் நின்ற முகங்களை முத்துச்செல்வி பார்த்தாள். ஒன்பது வருடத்தில் எத்தனை மஞ்சள் சீட்டு எழுதியிருப்பாள்? ஒவ்வொன்றும் சரியான சீட்டுதான். அதை வாங்கிக்கொண்டு அவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"உப்பு எறக்க எத்தன நாளு?" என்று கேட்டாள்.

"நாலு," என்றார் கேப்டன்.

"நாலு நாளும் நான் எல்லாரையும் சோதிக்கணும். ரத்தம், பிரசர், பிள்ளை துடிப்பு எல்லாம். ஊருக்குப் போய்ச் சேரும்போது முப்பத்தி ரெண்டு வாரம் தாண்டுற யாரையும் ஏத்த மாட்டேன். என் மகளா இருந்தாலும்."

*

மகளைத்தான் முதலில் சோதித்தாள். மூன்று தரம் சோதித்தாள். குறை ஒன்றும் இல்லை. ஒன்று இருந்திருந்தால் நன்றாக இருக்குமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கடலில் பதினேழு நாள் என்பது என்ன என்று அவளுக்கு இப்போது தெரியும். மருந்துக் கடையில் ஒரு பிரசவத்துக்கு வேண்டியதையெல்லாம் வாங்கி ஒரு தனிப் பெட்டியில் அடுக்கினாள்.

பன்னிரண்டு பேரில் ஒருத்தியை மட்டும் ஏற்ற முடியவில்லை. காயல்பட்டினத்துப் பெண், பெயர் முஃபீதா. முப்பத்து நான்கு வாரம்.

"அக்கா, நான் ஓரமாப் படுத்துக்கிறேன். ஒரு தொந்தரவும் தர மாட்டேன்." முஃபீதாவின் கையில் அழகாக மடித்த குழந்தைத் துணிகள் இருந்தன. "உம்மாவுக்குச் சக்கரை, பிரசர் எல்லாம் இருக்கு. வில்வண்டில விட மாட்டாங்க. இங்க அவரு வேலைக்குப் போயிட்டா நான் மட்டும்தான்."

"நடுக்கடல்ல ரத்தம் போச்சுன்னா என்னால நிறுத்த முடியாதும்மா. நீ ஏறக்கூடாது."

முஃபீதா தலையைக் குனிந்துகொண்டாள். இந்த இடத்தில்தான் முத்துச்செல்வி வழக்கமாகச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். அன்றைக்கு அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. நாற்காலியை இழுத்து முஃபீதாவின் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். விரலை மடக்கி எண்ணினாள். போகப் பதினேழு. அங்கே நிற்பது நான்கு. திரும்பி வரப் பதினேழு. முப்பத்தெட்டு நாள்.

"ஒங்க உம்மாவுக்கு நடக்க முடியுமா?"

"நல்லா நடப்பாங்கக்கா."

"காயல்ல எந்தத் தெரு? போன் நம்பர எழுது."

"எதுக்குக்கா?"

"கூட்டிட்டு வாரேன். உனக்கு நாப்பது வாரம் நெருங்கும்போது இங்க வந்து நிப்போம். தலைச்சன் பிள்ளை கொஞ்சம் தாமசமாத்தான் வரும். நீ மாடிப்படி ஏறி எறங்காம இரு."

தர்ஷிகா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப என் பிரசவம்?"

"உன்ன வீட்டுல உங்கப்பாகிட்ட விட்டுட்டு, ஜோவிட்டா டாக்டர்கிட்டச் சொல்லிட்டு வருவேன். உனக்கு முப்பத்தி ஏழாவது வாரம் திரும்பி வந்துருவேன்."

"அதுக்கு முந்தி வலி வந்துட்டா?"

"வரக்கூடாது." முத்துச்செல்வி எழுந்து, வெளியே நின்ற கேப்டனைப் பார்த்தாள். "கேப்டன், தூத்துக்குடில நாலு நாள் நிக்கக்கூடாது. மூணு நாள்ல உப்பு ஏத்தணும்."

"அது எப்பிடி மதினி முடியும்? கிரேனுக்கு ஆள் பத்தாது."

"எங்க வீட்டுக்காரர் சும்மாதான் உக்காந்திருக்காரு. போன் போட்டுக் குடுங்க, நான் பேசுதேன்."